குரங்குத் தோலும் மேளச் சத்தமும்: 'ஏப் அவுட்' விளையாட்டை உலகம் வரவேற்றதும் கண்டியில் நாங்கள் பார்த்ததும்

ஹந்தானையில் அக்கா வீட்டுக் கூரை தகரம். காலை ஆறரை மணிக்குக் குரங்குக் கூட்டம் பலா மரத்திலிருந்து அதன்மேல் குதிக்கத் தொடங்கிவிட்டால், உள்ளே இருப்பவர்கள் அதன்பிறகு தூங்க முடியாது. ஒன்று குதித்தால் ஓர் அடி. பத்து சேர்ந்து ஓடினால் விடாத உருட்டு. 2025 சித்திரை விடுமுறையில் நான் அங்கே தங்கியிருந்தபோது, கூரையில் இந்தக் கச்சேரி நடந்துகொண்டிருக்க, கீழே என் மருமகன் மடிக்கணினியில் ஒரு கொரில்லாவை ஓட்டிக்கொண்டிருந்தான். அதுவும் மேளச் சத்தத்தோடுதான் ஓடியது. எது கூரையில் நடக்கிறது, எது கணினியில் நடக்கிறது என்று சில நொடிகள் எனக்குப் பிடிபடவில்லை.

அந்த விளையாட்டின் பெயர் 'ஏப் அவுட்'. 2019 பெப்ரவரி 28ஆம் திகதி கணினிக்கும் நின்டெண்டோ ஸ்விட்சுக்கும் வெளியானது. வெளியிட்டது டெவோல்வர் டிஜிட்டல். செய்தவர்கள் பிரதானமாக மூவர். கேப் குசில்லோ என்ற இளைஞர் வடிவமைத்தார். 'கியூவொப்', 'கெட்டிங் ஓவர் இட்' போன்ற, ஆடுபவரை வேண்டுமென்றே அவஸ்தைப்படுத்தும் விளையாட்டுகளால் அறியப்பட்ட பெனட் ஃபொடி காட்சிகளைக் கவனித்தார். இசை மேக்ஸி பொக்குடையது. மூவரையும் இணைத்தது நியூயோர்க் பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறை. பெரிய கம்பனியின் நூற்றுக்கணக்கான ஊழியர்கள் செய்த பொருளல்ல இது. இப்படிப்பட்டவற்றைத்தான் 'இண்டி' என்கிறோம்.

நான் கேம் விமர்சகன் அல்ல. ஆனால் விமர்சனங்களை வாசிக்கும் பழக்கம் உள்ளவன். கண்டி நகரில் நெட் கஃபேக்களில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து ஆடிய தலைமுறை எங்களுடையது. எதை ஆடுவது என்பதைக் கடையில் வாங்கிய கள்ள சீடியின் அட்டைப் படத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்தோம். விமர்சனம் என்று ஒன்று இருப்பதே பின்னால்தான் தெரியும். அன்று மாலை மருமகன் தூங்கியபின், 'ஏப் அவுட்' பற்றி வெளிவந்த ஆங்கில விமர்சனங்களை ஒவ்வொன்றாக வாசித்தேன். பெரும்பாலானவை பாராட்டுகள். சரியாகவே பாராட்டியிருந்தார்கள். ஆனால் அவர்கள் குறையாகச் சொன்ன ஒன்றும், புதுமை என்று வியந்த ஒன்றும், அலங்காரமாகக் கருதி விட்டுவிட்ட ஒன்றும் ஹந்தானையில் இருந்து பார்க்கும்போது வேறாகத் தெரிந்தன.

இரண்டு குச்சிகள்

முதலில், இது என்ன வகை விளையாட்டு என்று சொல்லிவிட வேண்டும். கைப்பிடியில் இரண்டு சிறு குச்சிகள் இருக்கும். இடது குச்சி உங்களை நகர்த்தும். வலது குச்சி நீங்கள் எந்தத் திசையில் தாக்குகிறீர்கள் என்பதைக் காட்டும். ஒரு பக்கம் ஓடிக்கொண்டே இன்னொரு பக்கம் சுடலாம். 'ட்வின் ஸ்டிக் ஷூட்டர்' என்ற பெயர் இதனால் வந்தது. 1982இல் யூஜின் ஜார்விஸும் லாரி டிமாரும் செய்து வில்லியம்ஸ் நிறுவனம் வெளியிட்ட 'ரொபோட்ரோன்: 2084' இந்த வகையை நிலைநிறுத்தியது. கார் விபத்தில் கையில் அடிபட்டிருந்த காலத்தில் பொத்தான் அழுத்த முடியாமல்தான் ஜார்விஸுக்கு இரண்டு குச்சி யோசனை வந்தது என்பது இந்தத் துறையில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் கதை. 2005இல் எக்ஸ்பொக்ஸ் 360க்கு வந்த 'ஜியோமெட்ரி வார்ஸ்' இந்த வகைக்கு மறுபிறவி கொடுத்தது. அதன்பிறகு சிறு குழுக்கள் இதைத் தங்கள் சொந்த வயலாக்கிக்கொண்டன. ஒரு மேசை, மேலிருந்து பார்க்கும் ஒரு அறை, உள்ளே வரும் எதிரிகள். பெரிய முதலீடு தேவையில்லை.

விலங்குகள் இதில் நுழைந்ததும் அந்தக் காலத்தில்தான். 2012இல் வந்த சுவீடன் விளையாட்டான 'ஹொட்லைன் மயாமி'யில் கொலைகாரன் சேவல், குதிரை, புலி முகமூடிகளை மாட்டிக்கொண்டு போவான். நெதர்லாந்தின் விளாம்பியர் இருவர் குழு 2015 டிசெம்பரில் முடித்து வெளியிட்ட 'நியூக்ளியர் த்ரோன்' இல் ஆட்டத்தைத் தொடங்கும்போது கையில் கிடைக்கும் முதல் ஆட்களில் ஒன்று துப்பாக்கி தூக்கிய மீன். அதில் கோழியும் உண்டு. தலை போன பின்னும் சில நொடிகள் ஓடும். இவையெல்லாம் விமர்சகர்களுக்கு மிகவும் பிடித்தவை. ஆனால் இந்த விலங்குகள் எல்லாம் உள்ளே மனிதர்கள்தான். மீனுக்குப் பதில் ஒரு பொலிஸ்காரனை வைத்தாலும் ஆட்டம் அப்படியே ஓடும்.

கொரில்லா அப்படியல்ல. கறாராகப் பார்த்தால் 'ஏப் அவுட்' ஷூட்டரே அல்ல, ஏனென்றால் கொரில்லாவிடம் துப்பாக்கி இல்லை. அதற்குத் தெரிந்தது இரண்டே வேலை: பிடிப்பது, தள்ளுவது. தள்ளினால் காவலாளி சுவரில் மோதிச் சிதறுவான். பிடித்தால் அவனைக் கேடயமாகத் தூக்கிக்கொண்டு நடக்கலாம். பயத்தில் அவனே தன் துப்பாக்கியைச் சுட்டுவிடுவான், முன்னால் நிற்கும் அவனுடைய ஆள்மீது குண்டு படும். கொரில்லாவுக்கு மூன்று குண்டு பட்டால் சரி, கதை முடிந்தது. எவ்வளவு உயிர் மிச்சம் என்று காட்டும் பட்டி எதுவும் திரையில் இல்லை. பின்னால் விடும் இரத்தத் தடத்தைப் பார்த்து நீங்களே தெரிந்துகொள்ள வேண்டும். செத்ததும் திரை மேலே உயர்ந்து முழு வரைபடத்தையும் காட்டும். நீங்கள் எங்கே தொடங்கி எந்தச் சந்தில் திரும்பி எங்கே விழுந்தீர்கள் என்று ஒரு கோடு கிடக்கும். வாசல் எவ்வளவு பக்கத்தில் இருந்தது என்பதும் தெரியும். மருமகன் அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் அதிகமாகச் சிரித்தான்.

விமர்சகர்கள் பாராட்டியது இரண்டு விடயங்களை. ஒன்று தோற்றம். தட்டையான இரண்டு மூன்று நிறங்கள், கத்தரித்து ஒட்டியது போன்ற உருவங்கள். ஹிட்ச்கொக் படங்களுக்குத் தலைப்புக் காட்சிகள் செய்த சோல் பாஸின் பெயர் ஏறக்குறைய எல்லா விமர்சனத்திலும் வருகிறது. புளூ நோட் ஜாஸ் இசைத்தட்டுகளின் அட்டைகளும் வருகின்றன. விளையாட்டே இசைத்தட்டாகத்தான் பிரிக்கப்பட்டிருக்கிறது: ஆய்வுகூடம், உயரமான கட்டடம், கப்பல் என்று ஒவ்வொரு சிறையும் ஓர் ஆல்பம், அதற்கு ஏ பக்கம், பி பக்கம்.

மற்றது மேளம். இதுதான் பாராட்டின் மையம். இந்த விளையாட்டில் முன்கூட்டியே பதிவுசெய்து ஓடவிட்ட பாட்டு கிடையாது. ஆயிரக்கணக்கான தனித்தனி மேள அடிகளைப் பதிவுசெய்து வைத்து, ஆடுபவர் செய்வதைப் பார்த்து நிரல் அந்தக் கணத்தில் அவற்றைக் கோக்கிறது. கொரில்லா நின்றால் மேளம் தணியும். ஓடினால் வேகம் பிடிக்கும். ஒரு காவலாளி சுவரில் மோதினால் சிம்பல் அதிரும். 2020 ஏப்ரலில் பிரித்தானிய பாஃப்டா விளையாட்டு விருதுகளில் ஒலிக்கான விருது இதற்குக் கிடைத்தது. போட்டியில் 'கோல் ஒஃப் டியூட்டி', 'டெத் ஸ்ட்ராண்டிங்' போன்ற மிகப்பெரிய செலவில் செய்யப்பட்டவை இருந்தன. தொற்றுநோயால் அந்த விழா மண்டபம் இல்லாமல் இணையத்தில் நடந்தது. நாங்கள் அப்போது ஊரடங்கில் இருந்தோம். இப்படி ஒரு விருது இருப்பதே கண்டியில் யாருக்கும் தெரிந்திருக்காது.

குறைகளும் சொன்னார்கள். வரைபடம் ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாவதால் சில தடவை நியாயமே இல்லாத இடத்தில் மாட்டுவீர்கள். திரைக்கு வெளியிலிருந்து குண்டு வரும். பிற்பகுதியில் வெடிகுண்டுக்காரர்களும் நெருப்புக்காரர்களும் சேர்ந்துகொள்ள, ஓட்டத்தின் சுகம் போய் ஒவ்வொரு மூலையிலும் நின்று எட்டிப் பார்க்க வேண்டிவரும். இவை எல்லாம் உண்மை. கடைசிப் பகுதிகளில் மருமகன் கைப்பிடியைப் படுக்கையில் எறிந்ததை நானே பார்த்தேன். ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும் என்ற முறைப்பாட்டையும் ஒத்துக்கொள்கிறேன்.

மேளம் யாரைப் பின்தொடர்கிறது

ஆனால் 'ஆடுபவரின் உடலைப் பார்த்து வாசிக்கும் மேளம்' என்பதை ஏதோ இதுவரை உலகில் இல்லாத ஒன்றுபோல எழுதியிருந்ததை வாசித்தபோது, கண்டியில் வாழும் எவருக்கும் ஒரு புன்னகை வரும்.

ஒவ்வொரு வருடமும் எசல பெரஹராவில் நகரம் முழுவதும் மேளம். தவுல, தம்மெட்டம, கெட்ட பெரய. (கடைசிப் பெயரைத் தமிழில் எழுதினால் பொருள் கெட்டுவிடுகிறது, வேறு வழியில்லை. தம்மெட்டம என்பதைக் கேட்டால் நம் தம்பட்டம் நினைவுக்கு வரும்.) கண்டி நடனத்தின் பிரதான வாத்தியம் கெட்ட பெரய. இடுப்பில் கட்டி இரண்டு கையாலும் வாசிப்பார்கள். பழைய முறைப்படி அதன் இரண்டு முகங்களுக்கும் இரண்டு வெவ்வேறு தோல் போர்த்துவார்கள். ஒன்று மாட்டுத் தோல். மற்றது குரங்குத் தோல். மெல்லிய, கூர்மையான ஓசை அந்தப் பக்கத்திலிருந்து வருவது. இப்போது ஆட்டுத் தோலும் பாவிக்கிறார்கள்.

அந்த மேளத்துக்கு ஆடும் ஆட்டங்களில் 'வன்னம' என்று 18 உண்டு. 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், நரேந்திரசிங்க மன்னர் காலத்தில் உருவானவை என்று சொல்லப்படுகிறது. பெரும்பாலானவை விலங்குகளைப் பற்றியவை. யானைக்கு ஒன்று, மயிலுக்கு ஒன்று, குதிரைக்கு, பாம்புக்கு, கழுகுக்கு. குரங்குக்கும் ஒன்று உண்டு, ஹனுமா வன்னம. ஆடுபவன் குரங்காகக் குந்துகிறான், தலையைச் சொறிகிறான், தாவுகிறான். எதிரில் நிற்கும் மேளக்காரர் அவனுடைய காலிலிருந்து கண்ணை எடுப்பதில்லை. தாவும் கணத்தில் அடி விழ வேண்டும். முந்தியும் விழக்கூடாது, பிந்தியும் விழக்கூடாது. ஒரு விலங்கை மேளத்தோடு ஓடவைத்து, அதன் ஒவ்வொரு அசைவுக்கும் ஓசை கொடுப்பது இந்த ஊரின் முந்நூறு வருடத் தொழில். அதை ஒரு கணினி நிரல் செய்வது பெரிய சாதனை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் புதுமை நிரலில் இருக்கிறது. மேளத்துக்கும் உடலுக்குமான உறவு பழையது.

எங்கள் பக்கத்தில் இதற்கு இன்னொரு முகமும் உண்டு. மாசி மாதத்தில் தோட்டங்களில் காமன் கூத்து நடக்கும். ரதியும் மன்மதனும் ஆடும்போது தப்புக்காரர்கள் அவர்களுடைய காலைப் பார்த்துத்தான் அடிப்பார்கள். சின்ன வயதில் அக்காவும் நானும் விடிய விடிய உட்கார்ந்து பார்த்திருக்கிறோம். அதே தப்புக்கு வேறொரு வேலையும் இருந்தது. அதிகாலையில் லயத்து வாசலில் தப்படித்துத்தான் ஆட்களைப் பெரட்டுக் களத்துக்கு அழைத்தார்கள். எங்கள் தாத்தா காலத்துக் கதைகளில் அந்தச் சத்தம் வராத கதை கிடையாது. காமன் கூத்தில் மேளம் உடலைப் பின்தொடர்ந்தது. பெரட்டுக்கு அடித்தபோது உடல் மேளத்தைப் பின்தொடர்ந்தது. கருவி ஒன்றே, அடிப்பவரும் பெரும்பாலும் அதே ஆள்தான்.

இந்த இரண்டையும் அறிந்த ஒருவனுக்கு 'ஏப் அவுட்' இல் நடப்பது உடனே புரியும். பூட்டிவைத்த ஓர் உயிர் கூண்டை உடைத்து வெளியே ஓடுகிறது. முதல் அடியை அதுதான் தொடக்கிவைக்கிறது. அது நின்றால் மேளம் காத்திருக்கிறது. யாரும் அதை மேளமடித்து எழுப்பவில்லை. ஆங்கில விமர்சனங்கள் இதை 'ஊடாடும் இசை' என்ற தொழில்நுட்பத் தலைப்பின்கீழ்தான் பேசின. விடுதலையாகும் உடலுக்கு மேளம் கீழ்ப்படிகிறது என்று எழுதியவரை நான் காணவில்லை. ஒருவேளை எழுதியிருக்கலாம், வாசித்த இருபது சொச்சத்தில் என் கண்ணில் படவில்லை.

இன்னொன்றையும் அவர்கள் மெதுவாகக் கடந்துபோனார்கள். ஜாஸ் என்பது அமெரிக்கக் கறுப்பின மக்கள் உருவாக்கிய இசை. அவர்களைக் குரங்கோடு ஒப்பிட்டு இழிவுபடுத்திய நீண்ட வரலாறு அந்த நாட்டுக்கு உண்டு. கொரில்லாவையும் ஜாஸையும் ஒரே அட்டையில் போடும்போது அந்த நிழல் விழத்தான் செய்யும். செய்தவர்களின் நோக்கம் அதுவல்ல என்று விளையாடிப் பார்த்தால் தெரிகிறது. நம் அனுதாபம் முழுவதும் ஓடும் உயிரின் பக்கம்தான். ஆனாலும் கேள்வி கேட்கப்பட்டிருக்க வேண்டும். மலையகத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்த இடத்தில் காது கொஞ்சம் கூர்மை. எங்களை நோக்கி எறியப்பட்ட வசைகளில் குரங்கும் ஒன்று.

மூன்று மணித்தியாலம் என்பது எவ்வளவு

அதிகமாகச் சொல்லப்பட்ட குறை நீளம். ஓரளவு கைவந்த ஒருவர் சில மணித்தியாலங்களில் முடித்துவிடலாம். 15 டொலருக்கு இது குறைவு என்று பலர் எழுதினார்கள். சுருக்கமாக இருந்தாலும் பெறுமதி என்று சிலர் எதிர்வாதம் செய்தார்கள். ஆக மொத்தம், விலையை மணித்தியாலத்தால் வகுக்கும் கணக்கு.

அந்தக் கணக்கை இங்கே போட்டுப் பார்ப்போம். விளையாட்டு வெளிவந்த 2019 பெப்ரவரியில் ஒரு டொலர் ஏறக்குறைய 180 ரூபா. அப்படியானால் விலை 2,700 ரூபா. அதற்கு ஒரு மாதம் முன், 2019 ஜனவரி இறுதியில்தான் தோட்டத் தொழிலாளரின் நாளாந்த அடிப்படைச் சம்பளம் 500 ரூபாவிலிருந்து 700 ரூபாவாக உயர்த்தப்பட்டு ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆயிரம் ரூபா கேட்டு வீதியில் இறங்கியவர்களுக்குக் கிடைத்தது அதுதான். ஆகவே ஒரு கொரில்லாவை விடுவிக்க ஏறக்குறைய நான்கு நாள் கொழுந்து பறிக்க வேண்டும். 2022 நெருக்கடிக்குப் பிறகு டொலர் 300 ரூபாவைச் சுற்றி நின்றது. அக்காவின் நாட்சம்பளம் 2025 சித்திரையில் 1,350. விலை 4,500. மூன்று நாளுக்கு மேல். ஆறு வருடத்தில் முன்னேற்றம் அரை நாள்.

இதைச் சொல்லி இரக்கம் தேடவில்லை. மருமகன் தள்ளுபடிக் காலத்தில், நான் என் வங்கி அட்டையால் அவனுடைய கணக்கில் போட்ட பத்து டொலரில்தான் வாங்கினான். சொல்ல வருவது வேறு. விலை இவ்வளவு கனமாக இருக்கும்போது நீளம் பற்றிய எண்ணம் இங்கே இரண்டு திசைகளில் போகிறது. ஒருபக்கம், கொடுத்த காசுக்கு ஒரு வருடம் ஓட வேண்டும் என்று பையன்கள் நினைக்கிறார்கள். அதனால்தான் கைபேசியில் இலவசமாகக் கிடைத்து முடிவே இல்லாமல் போகும் 'ப்ரீ ஃபயர்', 'பப்ஜி' லயங்களில் வீட்டுக்கு வீடு இருக்கின்றன. மறுபக்கம், அந்த முடிவில்லாத விளையாட்டுகள்தான் உண்மையில் காசையும் நேரத்தையும் தின்கின்றன. உடை வாங்கு, பெட்டி திற, நாளைக்கும் வா. 'ஏப் அவுட்' உங்களை நாளைக்கு வரச் சொல்வதில்லை. கடைசி வாசலைத் தாண்டினால் முடிந்தது. மருமகன் மூன்றாம் நாள் மாலை முடித்தான்; நான்காம் நாள் காலையில் உயர்தரப் பரீட்சைப் பாடப்புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். அக்கா வாழ்நாளில் முதல்முறையாக ஒரு கேமைப் பற்றி நல்லதாக ஒரு சொல் சொன்னாள்: "முடிஞ்சி போச்சாடா? நல்ல கேம்தான்."

விமர்சகர்கள் குறையாகப் பதிந்ததை நான் இந்த விளையாட்டின் பெரிய நேர்மையாகப் பார்க்கிறேன். இதில் என்னோடு சண்டை பிடிக்க இடமிருக்கிறது. 4,500 ரூபா முழுதாகக் கொடுத்திருந்தால் இப்படிப் பேசுவேனா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். பேசியிருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

கூரையில் இருப்பவர்கள்

குரங்கு விடயத்துக்கு வருவோம். ஆங்கில விமர்சனங்களில் கொரில்லா ஒரு நல்ல யோசனை, அழகான உருவம், பலத்தின் சின்னம். எழுதியவர்களில் அநேகர் குரங்கை மிருகக்காட்சிச் சாலையில் பார்த்தவர்கள். இங்கே அது அயல்வீட்டுக்காரர். கொரில்லா வேறு, எங்கள் செங்குரங்கு வேறு என்பது தெரியும். அது ஆபிரிக்காவின் பெரிய மனிதக் குரங்கு, இது இலங்கைக்கே உரிய சின்ன இனம். ஆனால் மருமகனின் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தவர்களுக்கு அந்த வித்தியாசம் பொருட்டாக இருக்கவில்லை.

பக்கத்து வீட்டு ஆச்சி வந்து திரையைப் பார்த்தார். அவருடைய பலா, வாழை, கொய்யா எதுவும் பழுத்து அவர் வாய்க்குப் போய் வருடக்கணக்காகிறது. விடுமுறைக்கு ஒரு மாதம் முன்தான், 2025 மார்ச் 15ஆம் திகதி காலை எட்டு மணியிலிருந்து எட்டு ஐந்துவரை, நாடு முழுவதும் வீட்டுத் தோட்டங்களில் குரங்கு, மயில், மர அணில்களை எண்ணச் சொல்லி அரசாங்கம் படிவம் கொடுத்திருந்தது. ஆச்சியும் எண்ணினார். "அஞ்சு நிமிசம் ஒன்னுகூட வரல. எட்டு பத்துக்கு இருவது வந்திச்சி," என்றார். அப்படிப்பட்டவர் திரையில் ஒரு குரங்கு காவலாளிகளைச் சுவரில் அறைவதைப் பார்த்துவிட்டு, "இதுக்கா காசு கட்டின? நம்ம கூரைக்குப் போனா சும்மாவே பாக்கலாமே," என்று கேட்டார். கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். கொரில்லா மூன்றாவது குண்டில் விழுந்தபோது மட்டும், "ஐயோ, பாவம்" என்றது அவர்தான்.

நான் வாசித்த எல்லா விமர்சனங்களிலும் இல்லாத ஒன்று அந்த ஒரு நிமிடத்தில் இருந்தது. இந்த நாட்டில் குரங்கைப் பற்றிய பேச்சு சும்மா பேச்சல்ல. 2023இல் ஒரு இலட்சம் செங்குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்பும் யோசனையை அப்போதைய விவசாய அமைச்சர் முன்வைத்தார். சூழலியலாளர்கள் நீதிமன்றம் போனார்கள், ஏற்றுமதி நடக்கவில்லை. பயிர் இழந்த விவசாயிகள் பலர் அனுப்பத்தான் வேண்டும் என்றார்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடே இருளில் மூழ்கியபோது, பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதுதான் காரணம் என்று மின்சக்தி அமைச்சர் சொன்னார். உலகம் முழுவதும் அதைச் சிரிப்புச் செய்தியாகப் போட்டார்கள். ஒரு குரங்கால் விழக்கூடிய மின்கட்டமைப்பு எப்படி வந்தது என்ற கேள்வி அந்தச் சிரிப்பில் காணாமல் போனது.

இந்தப் பின்னணியில் 'ஏப் அவுட்' இல் காவலாளிகளுக்கு முகம் இல்லை என்பது எனக்கு இடறியது. அவர்கள் வெறும் நிறத் துண்டுகள். சிதறினால் மேளம் அதிரும், அவ்வளவுதான். ஒரு நாட்சம்பளக்காரன் இரவுக் காவலுக்கு வந்து நிற்கிறான் என்று நினைக்க விளையாட்டு இடம் தருவதில்லை. ஆச்சியின் கோபமும் அனுதாபமும் ஒரே நேரத்தில் இருக்கும் இடம் அதற்குத் தெரியாது. இது குறைதான். மேளத்தைக் கேட்டு மயங்கியதில் பல விமர்சகர்கள் இதைச் சொல்லத் தவறினார்கள். 'ஹொட்லைன் மயாமி'யாவது ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் இசையை நிறுத்தி, கொன்ற பிணங்களின் நடுவே உங்களைத் திரும்ப நடக்க வைத்தது.

எந்த மொழியில் எழுதுவது

முடித்த அன்று மருமகன் ஸ்டீம் தளத்தில் விமர்சனம் எழுத உட்கார்ந்தான். தமிழில்தான் எழுதுவேன் என்றான். நான்கு வரி எழுதினான். மேளம் நம்ம தப்பு மாதிரி, கடைசிக் கட்டம் அநியாயம், மூன்று நாளில் முடியும், தள்ளுபடியில் வாங்குங்கள். மேலே நான் இத்தனை பந்தியில் சொன்னதில் பாதி அதில் வந்துவிட்டது.

பதிவிடும் இடத்தில் மொழியைத் தெரிவுசெய்யச் சொன்னது. பட்டியலில் முப்பதளவு மொழிகள். தாய்லாந்து மொழி இருந்தது, வியட்நாமியம் இருந்தது. தமிழ் இல்லை. சிங்களமும் இல்லை, இந்தியும் இல்லை. கடைசியில் ஆங்கிலம் என்று போட்டுத்தான் அனுப்பினான். ஆகவே 'ஏப் அவுட்' பற்றி உலகத்தின் கணக்கில் அவனுடைய தமிழ் விமர்சனம் ஓர் ஆங்கில விமர்சனம்.

இது சின்ன விடயமாகத் தெரியலாம். ஆனால் ஒரு விளையாட்டு எங்கே எப்படி வரவேற்கப்பட்டது என்று செய்தவர்கள் தெரிந்துகொள்வது இந்தக் கணக்குகளைப் பார்த்துத்தான். அடுத்ததை எந்த மொழிக்கு மாற்றுவது, எந்த நாட்டுக்கு விலையைக் குறைப்பது என்று முடிவெடுக்கும்போது இவை எண்ணப்படுகின்றன. எண்ணப்படாதவர்கள் அங்கே இல்லாதவர்கள். தமிழ்க் குடும்பத்தின் சமையலறையை மையமாக வைத்து ரொறன்ரோவின் விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்ட 'வெண்பா' விடயத்திலும் இதுதான் நடந்தது. அடுத்த வருடம் சுயாதீன விளையாட்டு விழாவின் பெரும்பரிசும், அறிமுகப் படைப்புக்கான பாஃப்டாவும் அதற்குக் கிடைத்தன. இட்லியும் புட்டும் பற்றிய அந்த விளையாட்டை உலகம் கொண்டாடிய சொற்கள் ஏறக்குறைய முழுவதும் ஆங்கிலச் சொற்கள். தமிழில் சினிமாவுக்கு விமர்சனம் எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். விளையாட்டுக்கு 'கட்டுப்பாடு இறுக்கமாக இருக்கிறது' என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று நானே இந்தக் கட்டுரையில் பல இடத்தில் நின்று யோசித்துவிட்டு விட்டுவிட்டேன். மருமகனிடம் கேட்டேன். "கை பேச்சக் கேக்குது" என்று எழுதச் சொன்னான்.

அவனுடைய நான்கு வரிக்கு இதுவரை ஒரே ஒருவர்தான் 'உதவியாக இருந்தது' என்ற பொத்தானை அழுத்தியிருக்கிறார். அது நான். இரண்டாவது ஆளாக அக்காவுக்கு ஒரு கணக்குத் திறந்து கொடுத்தான். அழுத்தப் பார்த்தாள், வேலை செய்யவில்லை. ஸ்டீமில் குறைந்தது 5 டொலர் செலவழித்த கணக்குகளுக்குத்தான் அந்த உரிமையாம். 1,500 ரூபா. அக்கா நாட்சம்பளத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, கைபேசியை அவனிடமே கொடுத்துவிட்டு, கூரையில் சத்தம் கேட்டு வெளியே போனாள்.